தூர்வாரின கண்மாயில் யாரும் விதைக்காமல் செடி எப்படி வந்தது? ஒரு மூலையில் மட்டும் சம்பு ஏன்?

உள்வாய்க்காரன்:

வணக்கம். சிவகங்கை மாவட்டம். செடி கொடி பற்றிப் பெரிய படிப்பு எதுவும் கிடையாது, ஆர்வம் மட்டும் உண்டு.

எங்கள் ஊர்க் கண்மாயை மூன்று கோடைக்கு முன்னால் தூர்வாரினார்கள். வழித்து எடுத்தார்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். இரண்டு பொக்லைன் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது, கரம்பை மண் லோடு லோடாகப் போனது, முடிந்தபோது உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற பரப்பில், ஒரு புல் பூண்டு இல்லை. உபரித் தண்ணீர் வழிந்து போகும் கலுங்குப் பக்கம் பாறை தட்டியதால் அங்கே மட்டும் மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பாதிக் கண்மாய் பெருகியது. தண்ணீர் டீ மாதிரி கலங்கிக் கிடந்தது. தை பிறந்து தெளிந்ததும் பார்த்தால் கலுங்கு ஓரமாக வேலம்பாசி. யார் கொண்டுவந்து போட்டார்கள்? அப்புறம் பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க, ஈரம் காயாத தரையில் கோரை, கையாந்தகரை, நீர்முள்ளி என்று பச்சைப் பாய் விரித்த மாதிரி கிளம்பிவிட்டது. இப்போது மூன்றாவது வருஷம். கிழக்கு மூலையில், ஊர்ச் சாக்கடை வந்து விழும் இடத்தில், சம்பு (நீள இலையும் பஞ்சுக் கதிருமாக நிற்குமே, அந்த நீர்ப்புல்) ஆள் உயரத்துக்கு மேல் சுவர் கட்டின மாதிரி நிற்கிறது. மேற்கே கலுங்குப் பக்கம் அல்லியும் கொட்டிச் செடியும். நடுவில் ஆழமாக வெட்டின இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரே கண்மாய், ஒரே மழை, ஏன் இப்படி?

இன்னொன்று. எங்கள் இளைஞர் மன்றத்தில் 40,000 ரூபாய் வசூல் செய்து வைத்திருக்கிறோம், தாமரைக் கிழங்கு வாங்கி நட்டுவிடலாம், பார்க்க அழகாக இருக்கும், சம்பும் அடங்கும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. நடலாமா?


சேற்றில்கால்:

தாவரவியல் படித்தேன், இப்போது வேறு வேலை, ஆனால் ஈரநிலம் என்றால் கை பரபரக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் கொண்டுவந்து போட்டார்கள் என்றால், பெரும்பாலும் யாரும் இல்லை. ஏற்கெனவே இருந்தது. கண்மாய்ச் சேறு என்பது ஒரு விதைக் குதிர். டார்வின் ஒரு குட்டையின் ஓரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று கரண்டி சேறு எடுத்து வந்து, தன் அறையில் மூடி வைத்து, ஆறு மாதம் முளைக்கிற ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார். 537 செடிகள்! காய்ந்த எடையில் 200 கிராம்கூட வராத சேறு அது, ஒரு காபிக் கோப்பைக்குள் அடங்கிவிடும். நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு விதை போகும் என்று பார்ப்பதற்காக அவர் செய்தது அது. உங்கள் வேலம்பாசி ஏதோ ஒரு கொக்கின் காலிலோ மீன்காரர் வலையிலோ துண்டாக வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அது மண்ணுக்குள் சின்னச் சின்னக் கிழங்கு வைத்து ஒன்றிரண்டு வறட்சியைத் தாண்டிக்கூடக் காத்திருக்கும் ஆசாமி, பொக்லைன் சரியாகச் சுரண்டாத கலுங்குப் பக்கம் அது முதலில் தலைகாட்டியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வற்றின குளத்தை விட்டுப் பறவை பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போகாது என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதை உறவுக்கு உவமை என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். உண்மையில் அது நேரில் பார்த்து எழுதிய தாவரவியல். கொட்டிக்குச் சேற்றுக்குள் கிழங்கு, ஆம்பலுக்கும் அப்படியே. மேலே வெடித்துக் கிடக்கும், கீழே உயிர் இருக்கும்.

சரி, குதிரில் எல்லா விதையும் இருக்கிறது, பிறகு ஏன் எல்லாம் எல்லா இடத்திலும் வரவில்லை? அமெரிக்காவில் அயோவாப் பக்கம் புல்வெளிச் சதுப்புகளில் வேலை செய்த ஆர்னால்ட் வான் டெர் வால்க் 1981ல் இதை ஒரு சல்லடையாகப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் மட்டம்தான் சல்லடை. அவர் ஒவ்வொரு செடியிடமும் கேட்டது மூன்றே கேள்வி. நீ எத்தனை காலம் வாழ்வாய், ஒரு பருவமா, சில வருஷமா, இல்லை வேரிலிருந்து வேர் விட்டு முடிவே இல்லாமல் பரவுவாயா? உன் விதை மண்ணில் காத்திருக்குமா, இல்லை ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து வந்து சேர வேண்டுமா? முளைப்பதற்குத் தண்ணீர் இறங்கின ஈரத்தரை வேண்டுமா, நீருக்குள்ளேயே முளைப்பாயா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், தண்ணீர் இறங்கினால் எது உள்ளே வரும், ஏறினால் எது வெளியே போகும் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம் என்றார்.

உங்கள் கண்மாயில் வைத்துப் பாருங்கள். கோரை, கையாந்தகரை, நீர்முள்ளி எல்லாம் ஈரத்தரைக் கட்சி, அதனால்தான் பங்குனி வரை மூச்சுக் காட்டவில்லை. வேலம்பாசி நீருக்குள்ளேயே பிழைப்பை நடத்துவது, தண்ணீர் போனால் மேலே கருகிவிடும். அயோவாச் சதுப்புகளில் தண்ணீர் ஏறி இறங்கி ஒரு சுற்று முடிய 5 முதல் 30 வருஷம் வரைகூட ஆகும். நம் கண்மாய் ஐப்பசியில் பெருகி வைகாசியில் வெடித்து அதே நாடகத்தை ஒரே வருஷத்தில் நடத்தி முடித்துவிடுகிறது. சம்பு வேறு கதை, அதை யாராவது எழுதுவார்கள், எனக்குக் கை வலிக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். 40,000 ரூபாயை இப்போதைக்குத் தொடாதீர்கள். நாலைந்து பிளாஸ்டிக் பேசின் வாங்குங்கள். நடு, கலுங்கு, சாக்கடை மூலை மூன்று இடத்திலிருந்தும் மேல் மண் இரண்டு அங்குலம் மட்டும் எடுத்து, மணல் மேல் மெல்லிசாகப் பரப்பி, ஒரு பேசினை ஈரமாகவும் ஒன்றை நாலு விரல் தண்ணீரிலும் வையுங்கள். எது முளைக்கிறது பாருங்கள். மணலை முதலில் இரும்புச் சட்டியில் வறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதிலிருக்கும் விதையும் முளைத்துக் குழப்பும். மேலே கொசுவலை கட்டுங்கள், சம்புப் பஞ்சு காற்றில் வந்து விழும்.


வண்டிப்பாதை:

தம்பி, எனக்கு வயது அறுபத்தெட்டு, உங்கள் மாவட்டத்துக்குப் பக்கம்தான். அவர் சொல்கிற சல்லடை எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் சொல்வது சரி என்று மட்டும் தெரிகிறது.

எங்கள் காலத்தில் கண்மாயை யாரும் முழுசாக வழித்தது கிடையாது. சித்திரை வைகாசியில் அவரவர் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் புஞ்சைக்குக் கரம்பை அடிப்போம். ஒருத்தன் இங்கே நாலு வண்டி, இன்னொருத்தன் அங்கே ஆறு வண்டி. எடுத்த இடம் பள்ளம், எடுக்காத இடம் மேடு, மறு வருஷம் வேறு இடம். அதனால் எப்போதும் எங்கேயாவது பழைய சேறு கிடக்கும். மடைப் பக்கம் மட்டும் ஆழம், உள்ளே போகப் போக வயல் வரப்பு மாதிரி லேசாக ஏறிக்கொண்டே போகும். அந்தச் சாய்வில்தான் கோரையும் ஆரையும் பொன்னாங்கண்ணியும். இப்போது தொட்டி மாதிரி வெட்டுகிறார்கள், ஓரத்தில் கால் வைத்தால் நேராகக் கழுத்தளவு. மாடு இறங்கித் தண்ணீர் குடிக்க முடியவில்லை, அதில் செடி எப்படி நிற்கும்?

தாமரை பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கோயிலுக்கு ஆகும் என்று ஒருத்தர் ஊருணியில் நாலு கிழங்கு போட்டார். ஐந்தாறு வருஷத்தில் தண்ணீரே தெரியவில்லை, இலை மட்டும்தான். மீன் ஏலம் எடுத்தவன் வலை வீச முடியாமல் சண்டைக்கு வந்தான். போட்ட அன்றைக்குக் கைதட்டினவர்களில் ஒருத்தரும் எடுக்க இறங்கவில்லை.

சம்பு எங்கள் கண்மாயில் முன்னால் வாய்க்கால் வாயில் நாலு தூர் இருந்தால் அதிகம். வீட்டுக்கு வீடு குழாய் வந்து, குளித்த தண்ணீர் எல்லாம் கண்மாய்க்குத் திரும்பிய பிறகுதான் இந்தக் கூத்து.


தாழைக்கோழி:

ஐயா சொன்ன கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. சம்பு ஒரு கதிரில் லட்சத்துக்கு மேல் விதை வைக்கும், பஞ்சோடு பறக்கும், அதனால் எங்கள் கண்மாய்க்கு எப்படி வந்தது என்று கேட்கவே தேவையில்லை, எல்லாக் கண்மாய்க்கும் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஈரமான, வெயில் படுகிற, போட்டி இல்லாத சேறு. அதை பொக்லைன் கொடுத்தது. வருஷம் முழுக்க வற்றாத ஈரமும் உரமும் வேண்டும், அதைச் சாக்கடை கொடுக்கிறது. வறண்ட மாதங்கள்தான் சம்பை அடக்கி வைத்திருந்த பூட்டு, சாக்கடைத் தண்ணீர் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸில் இதே கதை மாபெரும் அளவில் நடந்தது. அங்கே காலங்காலமாக நின்றது அறுக்கும் விளிம்புள்ள ஒரு ரம்பக் கோரை, பாஸ்பரஸ் ஏறக்குறைய இல்லாத தண்ணீரில் வாழப் பழகியது. கரும்புத் தோட்டங்களிலிருந்து உரம் கலந்த நீர் வர ஆரம்பித்ததும் வாய்க்கால் ஓரங்களிலிருந்து சம்பு உள்ளே நடந்து வந்தது. நம் கண்மாய்களில் நிற்கும் அதே இனச் சம்புதான். இப்போது அங்கே லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் என்று வரம்பு வைத்துப் போராடுகிறார்கள். வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருக்கும், அதாவது அந்த வரம்பைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. உங்கள் கிழக்கு மூலையில் அல்லி ஏன் இல்லை என்று கேட்டால், அல்லி முளைத்திருக்கலாம், சம்பு நிழலில் மூச்சு விட்டிருக்காது.

வெறுமனே அறுத்தால் இன்னும் தடித்து வரும், கவனம். காற்றுக்குழாய் மாதிரி அதன் தண்டு வழியாகத்தான் அடியிலுள்ள கிழங்குக்கு ஆக்சிஜன் இறங்குகிறது, காய்ந்த தண்டு வழியாகக்கூட. புரட்டாசியில் தரையோடு தரையாக அறுத்துவிட்டு, ஐப்பசி மழையில் அடிக்கட்டை முழுக்க மூழ்கிச் சில வாரம் கிடந்தால் கிழங்கு அழுகும். ஒரு முழம் தண்டை வெளியே நீட்ட விட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.


மேய்ப்பன்கோல்:

சம்பு முளையாக இருக்கும்போது எருமையை விடுங்களேன், ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? இந்த வனத்துறை ஆட்களும் பறவை பார்க்கிற ஆட்களும் மாடு என்றாலே விரோதி மாதிரி பேசுவார்கள்.


தாழைக்கோழி:

பறவை பார்க்கிற ஆள்தான் நான், ஆனால் உங்கள் பக்கம்தான் பேசப்போகிறேன். ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்கா. அதுவும் இயற்கைச் சதுப்பு இல்லை, அஜான் அணையிலிருந்து தண்ணீர் விட்டுக் கரை கட்டி வைத்திருக்கும் இடம், நம் கண்மாய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எருமைகள் காலங்காலமாக மேய்ந்தன. பறவைகளுக்குக் கெடுதல் என்று 1982ல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சிலர் செத்தே போனார்கள். அப்புறம் என்ன ஆனது? எருமை தின்று அடக்கி வைத்திருந்த பாஸ்பாலம் என்ற புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து திறந்த நீரை மூடியது, வாத்துகளுக்கு இறங்க இடம் குறைந்தது. அங்கே பத்து வருஷம் ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே கடைசியில் எருமை அந்தச் சதுப்பின் ஒரு பகுதி என்று சொல்லும் நிலைக்கு வந்தது. நிர்வாகம் பிறகு ஊர்க்காரர்களைப் புல் அறுத்துக்கொள்ள விட்டது.

சல்லடை தண்ணீர் மட்டும் இல்லை, வாயும் ஒரு சல்லடை. ஆனால் ஒன்று, எருமை வளர்ந்த சம்பைத் தொடாது, இளம் தளிரைத்தான் கடிக்கும். உள்வாய்க்காரன் கண்மாயில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. முதலில் அறுவாள், பிறகு எருமை.


அரைகுறை:

நடுவது பற்றி யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே. ஒஹாயோவில் ஒலென்டாஞ்சி ஆற்றங்கரையில் வில்லியம் மிட்ச் என்பவர் குழு ஒரு ஹெக்டேர் அளவில் இரண்டு குளம் வெட்டியது, இரண்டுக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒரே அளவு. 1994ல் ஒன்றில் 13 வகை நீர்ச்செடிகளை நட்டார்கள், இன்னொன்றை அப்படியே விட்டார்கள். சில வருஷத்தில் இரண்டும் பெரும்பாலான விஷயங்களில் ஒன்றுபோல ஆகிவிட்டன, நடாத குளத்திலும் செடி தானாக வந்துவிட்டது. அப்படியிருக்க எதற்குக் காசு?


சேற்றில்கால்:

அரைகுறை, பாதிக் கதை சொல்லிவிட்டீர்கள், பெயருக்கேற்ப. நடாத குளத்தில் யார் வந்தார்கள்? சம்பு. நட்ட குளத்தில் செடி வகை கூடுதலாக நின்றது, நடாததில் சம்பு ஓங்கி நின்றது. முதலில் வந்து உட்கார்ந்தவன் பிறகு வருகிறவனுக்கு இடம் கொடுப்பதில்லை, பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரிதான். அதனால் நடுவதே வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குளங்கள் புதிதாக வெட்டியவை, ஆற்றில் மிதந்து வருகிறதுதான் விதை. நம் கண்மாயில் பல நூறு வருஷச் சேறு இருந்தது, அதை லாரியில் ஏற்றிப் பக்கத்து ஊர்ப் பிளாட்டுக்கு அனுப்பிவிட்டு, கடையில் தாமரைக் கிழங்கு வாங்குகிறோம். இதைச் சொல்லும்போதே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

நடத்தான் வேண்டும் என்றால், கலுங்குப் பக்கத்துச் சேற்றையே பத்து இருபது சட்டி எடுத்து, நடுப்பள்ளத்தின் சரிவைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு அங்கே தூவுங்கள். உங்கள் கண்மாயின் சொந்த விதை, செலவு ஒரு நாள் கூலி. பள்ளத்தின் அடியில் போடாதீர்கள், பன்னிரண்டு அடிக் கலங்கல் தண்ணீருக்கு அடியில் வெளிச்சம் எட்டாது.


உள்வாய்க்காரன்:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பேசின் வைத்தேன். ஏழு பேசின், மூன்று இடத்துக்கும் இரண்டிரண்டு, ஒன்றில் வறுத்த மணல் மட்டும். மொட்டைமாடியில் கொசுவலை கட்டினேன், வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வெறும் மணல் பேசினில் ஒன்றும் வரவில்லை. நடுப்பள்ளத்து மண், ஈரத்தில் மூன்றே முளை, அதில் இரண்டு கோரை, ஒன்று தெரியவில்லை. தண்ணீரில் வைத்ததில் பூஜ்யம். சாக்கடை மூலை, ஈரத்தில் நான் எழுபது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன், ஏறக்குறைய எல்லாம் நூல் மாதிரி ஒரே சாயல், சம்பாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீரில் வைத்ததிலும் அதே நூல், எண்ணிக்கை மட்டும் குறைவு.

கலுங்குச் சேறுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. ஈரப் பேசினில் கோரையே மூன்று வகை, தண்டை உருட்டினால் ஒன்று முக்கோணம், ஒன்று உருண்டை, இன்னொன்று மயிர் மாதிரி. கையாந்தகரை ஒன்பது. பொன்னாங்கண்ணி இரண்டு. தண்ணீர்ப் பேசினில் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை, தூக்கிக் கொட்டிவிடலாமா என்று யோசித்தேன், மூன்றாம் வாரம் அடியிலிருந்து கிளை கிளையாக ஒரு பச்சை எழுந்தது, கிள்ளி மோந்து பார்த்தால் பூண்டு வாடை. ஒரு கொட்டி இலையும் மேலே வந்துவிட்டது, கிழங்குத் துண்டு ஒன்று சேற்றோடு வந்திருக்கும் போல.

மன்றக் கூட்டத்தில் பேசின்களையே கொண்டுபோய் வைத்தேன். தாமரைக் கோஷ்டி கொஞ்சம் முறைத்தது, பிறகு சரி என்றார்கள். பணத்தில் பாதி சாக்கடையைக் கண்மாய்க்கு வெளியே ஒரு குழி வெட்டித் தேக்கிவிட, மீதி சரிவு சாய்க்க. சம்பு அறுப்பு புரட்டாசிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். எருமை ஊரில் இப்போது நாலுதான் இருக்கிறது.

ஒரு கேள்வி பாக்கி. நடுப்பள்ளத்து மூன்றாவது முளை, அந்தத் தெரியாத ஒன்று, இப்போது நாலு இலை வைத்திருக்கிறது, நாலும் ஒரே காம்பின் நுனியில் கூட்டல் குறி மாதிரி, சாயந்திரம் ஆனால் மடங்கிக்கொள்கிறது. என்ன அது?


சேற்றில்கால்:

பூண்டு வாடை வந்தது கேரா என்கிற பாசி, தெளிந்த தண்ணீரில்தான் நிற்கும், அது இருப்பதே நல்ல சேதி. நாலு இலைக்காரன் ஆரை. அது விதை வைக்காது, பெரணி இனம். கொட்டை மாதிரி கெட்டியான ஓட்டுக்குள் வித்துகளை வைத்துப் பல பத்து வருஷம் சேற்றில் கிடக்கும். பொக்லைன் பல்லுக்குத் தப்பின ஒன்று எங்கேயோ ஆழத்தில் கிடந்திருக்கிறது.


வண்டிப்பாதை:

ஆரைக்கீரையா! பருப்புப் போட்டுக் கடைந்தால் அவ்வளவு நன்றாக இருக்கும். அந்த ஒன்றைப் பறித்துவிடாதே தம்பி, கலுங்குக்குத் தெற்கே முழங்கால் ஆழத்தில் சேற்றோடு பெயர்த்து வை. சாக்கடை மூலைப் பக்கம் முளைத்தால் மட்டும் வாயில் வைத்துவிடாதே.